புது ப்ளோயர் மோட்டார் போட்டும் ஃபேன் சுத்தலையா? இன்னொண்ணு வாங்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பழைய ப்ளோயர் போச்சுன்னு புதுசு வாங்கி, டேஷ்போர்டுக்கு கீழ தலைய விட்டு, கழுத்து பிடிச்சுக்கிட்டு ஒரு வழியா மாட்டி முடிச்சு, சாவியத் திருப்பி நாபை ஃபுல்லா வெச்சா சத்தமே இல்ல. அந்த நிமிஷம் எல்லாருக்கும் தோணுறது ஒண்ணுதான், டம்மி பீஸை தலையில கட்டிட்டாங்கன்னு. சில நேரம் அது உண்மையாவும் இருக்கும், புது மோட்டார் செத்த மோட்டாரா வர்றது நடக்காத விஷயம் இல்ல. ஆனா பெரும்பாலும் கோளாறு ரெண்டு இடத்துலதான் இருக்கும். ஒண்ணு, மாத்தும்போது உங்க கை எங்கெல்லாம் போச்சோ அங்க. இன்னொண்ணு, பழைய மோட்டாரைக் கொன்னது எதுவோ அது இன்னும் வண்டியிலயே உக்காந்துட்டு இருக்கும், இல்லன்னா பழைய மோட்டார் சாகும்போது கூட இன்னொரு பார்ட்டையும் இழுத்துட்டுப் போயிருக்கும். இந்த வரிசையிலயே தேடினா பாதி நாள்ல முடிஞ்சிடும்.

புதுசா வர்றவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஹீட்டர் ஃபேன், ஏசி ஃபேன்னு தனித்தனியா கிடையாது, பெரும்பாலான கார்ல ரெண்டுக்கும் ஒரே ப்ளோயர்தான். அது காத்தை மட்டும் தள்ளும், சூடும் குளிர்ச்சியும் அது போற வழியில இருக்கற ரெண்டு குட்டி ரேடியேட்டர் மாதிரி சமாச்சாரத்துல இருந்து வரும். அதனால காத்து நல்லா வருது ஆனா சூடு இல்லன்னா அது வேற கதை, கூலன்ட், தெர்மோஸ்டாட், உள்ள இருக்கற ஃப்ளாப் பக்கம் போகணும், இங்க நான் பேசப்போறது காத்தே வராத கேஸ் மட்டும்தான்.

கையை வைக்கறதுக்கு முன்னாடி

கப்ளரை (ஒயர் முனையில இருக்கற பிளாஸ்டிக் பிளக்) கழட்டி மாட்டற வேலைக்கெல்லாம் பேட்டரி நெகட்டிவை எடுத்துட்டு சில நிமிஷம் விட்டுட்டு ஆரம்பிங்க. டேஷ்போர்டுக்கு கீழ மஞ்சக் கலர் ஒயர், மஞ்சக் கப்ளர் கண்ணுல பட்டா அது பெரும்பாலும் ஏர்பேக் லைன், அதுல மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே வேண்டாம், சில வண்டியில க்ளவ் பாக்ஸுக்கு கீழயே முட்டி ஏர்பேக் இருக்கும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டின்னா ஆரஞ்சுக் கலர் கேபிள் பக்கமே போகாதீங்க, அதுல ஓடறது 12 வோல்ட் இல்ல, ஆளைக் கொல்ற அளவு. ப்ளோயர் மோட்டார் அந்த வண்டியிலயும் பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனா அதே பெட்டியில இருக்கற ஹீட்டர் சில வண்டியில ஹைவோல்டேஜ்ல ஓடும்.

தேவைப்படறது ஒரு சாதா மல்டிமீட்டர், ரெண்டு பக்கமும் ஒயர் வெச்ச ஒரு 21 வாட் இன்டிகேட்டர் பல்பு (இதுதான் நம்ம டெஸ்ட் லேம்ப்), முடிஞ்சா ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பும். பல்பு எதுக்குன்னு கீழ வரும், அதுதான் இந்தக் கட்டுரையோட உயிர்நாடி.

கோளாறே இல்லாம இருக்கலாம்

சிரிக்காதீங்க, நிஜமாவே நடக்கும். நிறைய வண்டியில சாவி முதல் நிலையில இருந்தா ரேடியோ பாடும், ஆனா ப்ளோயர் வராது, முழு ஆன் நிலைக்குத் திருப்பணும். ஆட்டோ க்ளைமேட் உள்ள வண்டியா இருந்தா இன்னொரு குறும்பு இருக்கு: இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது ஆட்டோ பட்டனை அழுத்தி சூடு கேட்டீங்கன்னா, கூலன்ட் கொஞ்சம் சூடாகற வரைக்கும் கம்ப்யூட்டர் வேணும்னே ஃபேனை நிறுத்தி வைக்கும், இல்ல மெதுவா ஓட்டும், முகத்துல குளிர்காத்து அடிக்கக் கூடாதுன்னு. காலையில மோட்டாரை மாத்திட்டு ஆட்டோல வெச்சுட்டு "போச்சு"ன்னு மறுபடி பிரிச்சவங்க இருக்காங்க. அதனால டெஸ்ட் பண்ணும்போது எப்பவும் ஆட்டோவை விட்டு வெளிய வந்து கையால ஃபேனை ஃபுல் ஸ்பீடுல வைங்க. இந்த ஃபுல் ஸ்பீடுங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, எல்லா டெஸ்ட்டும் அதுலதான், ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

இப்ப என்ன நடக்குதுன்னு பிரிச்சுப் பாருங்க. எந்த ஸ்பீடுலயும் வரலையா? கடைசி ஸ்பீடுல மட்டும் வருதா? கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுச்சா? ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகுதா? ஓடுது ஆனா காத்து சொரத்தில்லாம வருதா? ஒவ்வொண்ணுக்கும் வழி வேற வேற, எல்லாத்துக்கும் மோட்டாரையே திரும்ப மாத்தறது எதுக்கும் மருந்து இல்ல.

எந்த ஸ்பீடுலயும் வரல

முதல்ல ஃபியூஸ். மாத்தும்போது இக்னிஷன் ஆன்ல இருந்து ஒயர் எங்கயாவது உரசியிருந்தா ஃபியூஸ் போயிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. இதுல ஒரு விஷயத்தை நிறைய பேர் கோட்டை விடறாங்க, ப்ளோயருக்கு ரெண்டு ஃபியூஸ் இருக்கறது சகஜம். ஒண்ணு மோட்டாருக்குப் போற பெரிய கரண்ட்டுக்கு, 25, 30, 40 ஆம்பியர் ரேஞ்சுல, பல வண்டியில பானெட்டுக்கு கீழ இருக்கற பெட்டியில இருக்கும். இன்னொண்ணு ரிலேவுக்கும் (சின்ன கரண்ட்டை வெச்சு பெரிய கரண்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) கன்ட்ரோல் பேனலுக்கும் போற சின்ன ஃபியூஸ், 7.5 இல்ல 10 ஆம்பியர், உள்ள இருக்கற பெட்டியில. உள்ள மட்டும் பாத்துட்டு ஃபியூஸ் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. கண்ணால பாக்கறதையும் நம்பாதீங்க, ஃபியூஸ் தலையில ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், இக்னிஷன் ஆன்ல வெச்சு ரெண்டுலயும் டெஸ்ட் லேம்ப் எரியணும், ஒண்ணுல மட்டும் எரிஞ்சா ஃபியூஸ் போச்சு.

போயிருந்தா அதே ஆம்பியர்தான் போடணும். 30 ஆம்பியர் பச்சை, 25 வெள்ளையா கண்ணாடி மாதிரி, 20 மஞ்சள், 10 சிவப்பு. பச்சை இருந்த இடத்துல ஆரஞ்சு 40 போட்டா ஃபியூஸ் போகாது, அதுக்கு பதிலா ஒயர் உருகும். அந்த வேலையை மட்டும் பண்ணாதீங்க.

அடுத்தது மோட்டார் கப்ளர். இதுதான் உங்க கை போன இடம். இருட்டுல விரல் நுனியால தள்ளி மாட்டறதால முக்கால்வாசி போய் நிக்கும், லாக் "டிக்"னு விழுந்திருக்காது. கழட்டி, கொஞ்சம் வெளிச்சத்துக்கு இழுத்து, செல்போன் டார்ச் அடிச்சு நேரா உள்ள பாருங்க. ரெண்டு பின்னும் ஒரே ஆழத்துல நிக்குதான்னு மட்டும் பாருங்க. ஒண்ணு மத்ததைவிட மூணு நாலு மில்லிமீட்டர் உள்ள போயிருந்தா கப்ளர் மாட்டும்போது அது பின்னால நழுவியிருக்கு, வெளியில இருந்து பாத்தா அழகா மாட்டின மாதிரியே தெரியும், உள்ள தொட்டிருக்காது. பின்பக்கமா ஒயரைப் பிடிச்சு மெதுவா தள்ளுங்க, சின்னதா கிளிக்னு பிடிச்சுக்கும். பிடிக்கலன்னா அந்த டெர்மினல்ல இருக்கற குட்டி நாக்கு வளைஞ்சிருக்கும், ஊசியால நிமித்திட்டு மறுபடி தள்ளுங்க.

பின் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் பழுப்பா, கருகின மாதிரி, பப்படம் பொரிஞ்ச மாதிரி இருந்தா அதோட கதை தனி, கீழ வர்றேன்.

மீட்டர் சொல்ற பொய்

இங்கதான் நான் ஒரு முழு ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சேன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். என் வண்டியில மோட்டார் மாத்தி ஒண்ணும் வரல. கப்ளரைக் கழட்டி ரெண்டு பின்லயும் மீட்டர் வெச்சா 12.4 வோல்ட். சரி, கரண்ட் வருது, அப்போ மோட்டார்தான் டம்மின்னு கழட்டி நேரா பேட்டரியில குடுத்தேன், ஜம்முனு சுத்துச்சு. மறுபடி மாட்டினேன், வரல. மறுபடி மீட்டர், 12.4. மறுபடி பேட்டரி, சுத்துது. மூணு தடவை மாட்டிக் கழட்டி, ஸ்க்ரூ ஒண்ணைத் தொலைச்சு, அதைத் தேடி கார்பெட்டைத் தூக்கி, கடைசியில வெறுத்துப்போய் மீட்டரைத் தூக்கி வெச்சுட்டு அதே ரெண்டு பின்ல இன்டிகேட்டர் பல்பை வெச்சேன். மின்மினி மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். நல்ல 12 வோல்ட்டுக்கு அது கண்ணைக் கூசற அளவு எரியணும். எர்த் ஒயரை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பற ஒயரை, ஒரு இன்ச் பின்னால கீறிப் பாத்தா உள்ள செம்பு பச்சையும் கருப்புமா பொடியாகி, ரெண்டு மூணு இழைதான் ஒட்டியும் ஒட்டாமலும் நின்னுச்சு.

விஷயம் இதுதான். மீட்டர் ஒயர்ல இருந்து கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது, அதனால ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் 12 வோல்ட் காட்டும். ப்ளோயர் மோட்டார் அப்படி இல்ல, ஃபுல் ஸ்பீடுல வண்டியைப் பொறுத்து 15ல இருந்து 25 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். வழியில வெறும் அரை ஓம் கோளாறு இருந்தாலே போதும், 20 ஆம்பியர் அதுல போகணும்னா 10 வோல்ட் அங்கயே காலியாகும், மோட்டாருக்கு மிஞ்சறது ரெண்டு வோல்ட். அரை ஓமை சாதா மீட்டர்ல அளந்தா அதோட ஒயர் ரெசிஸ்டன்ஸே அதுல கலந்து வரும், கண்டுபிடிக்கவே முடியாது. அதனால கரண்ட் இருக்கான்னு பாக்கணும்னா லோடு குடுத்துத்தான் பாக்கணும். 21 வாட் பல்பு ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும், 55 வாட் பல்பு நாலரை இழுக்கும், பெருசு இன்னும் நல்லா உண்மையைக் கக்க வைக்கும்.

இதை வெச்சு கோளாறு எந்தப் பக்கம்னு பிரிக்கறது ரொம்ப ஈஸி. மோட்டார் கப்ளர் கழண்டு இருக்கட்டும், இக்னிஷன் ஆன், ஃபேன் நாப் ஃபுல். பல்போட ஒரு முனையை பெயின்ட் இல்லாத நல்ல பாடி மெட்டல்ல வைங்க, இன்னொரு முனையை கப்ளர்ல ஒவ்வொரு பின்னா தொடுங்க. ஒண்ணுல பளிச்னு எரியணும், அதுதான் சப்ளை பின். எதுலயும் எரியலன்னா, இல்ல மங்கலா எரிஞ்சா, கோளாறு சப்ளை பக்கம்: ஃபியூஸ், ரிலே, இல்ல நடுவுல ஒயர். அது பளிச்னு எரிஞ்சுதா, இப்ப பல்போட ஒரு முனையை அந்த சப்ளைக்கே, இல்ல பேட்டரி பாசிட்டிவுக்குக் குடுத்துட்டு மத்த முனையை இன்னொரு பின்ல வைங்க. பளிச்னு எரியணும். எரியலன்னா கோளாறு எர்த் பக்கம். ரெண்டும் பளிச்னு எரிஞ்சும் மோட்டார் சுத்தலன்னா, அப்பதான் மோட்டார் மேல சந்தேகப்படணும்.

இதுல ஒரு குழப்பம் வரும். சில வண்டியில எர்த் நேரா பாடிக்குப் போகும், ஸ்விட்சும் ரெசிஸ்டரும் (ஃபேன் ஸ்பீடைக் குறைக்கற பார்ட்) பாசிட்டிவ் பக்கம் இருக்கும். வேற சில வண்டியில, நிறைய ஜப்பான் கார்கள்ல இப்படித்தான், பாசிட்டிவ் ரிலே வழியா நேரா மோட்டாருக்கு வந்துடும், ஸ்பீடு கன்ட்ரோல் எல்லாம் எர்த் பக்கம். அப்படிப்பட்ட வண்டியில எர்த் பின்ல பல்பு எரியலன்னா பாடி எர்த்தை மட்டும் தேடிட்டு இருக்காதீங்க, ரெசிஸ்டரும் ஸ்விட்சும் அந்த வழியிலதான் இருக்கு. ஃபுல் ஸ்பீடுல வெச்சு டெஸ்ட் பண்ணச் சொன்னதும் இதுக்குத்தான், கடைசி ஸ்பீடுல ரெசிஸ்டரை பைபாஸ் பண்ணிடும், ஒரு சந்தேகம் கழியும்.

இன்னும் ஒரு படி மேல போகணும்னா, கப்ளரை மாட்டி ஃபேனை ஃபுல்ல வெச்சுட்டு, பின்பக்கமா மெல்லிசான ஊசியை விட்டு மோட்டாரோட ரெண்டு பின்னுக்கு நடுவுல வோல்ட் பாருங்க. மாட்டின நிலையில 12 வோல்ட் அங்க நிக்குது, மோட்டார் அசையல, அப்போ தீர்ப்பு எழுதிடலாம், மோட்டார் போச்சு, புதுசா இருந்தாலும் போச்சு. அதுவே மாட்டின உடனே 3 வோல்ட், 4 வோல்ட்னு விழுந்தா மீதி வோல்ட் வழியில எங்கயோ தின்னப்படுது. மோட்டார் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அளந்தா நேரா எர்த் போற வண்டியில 0.2 வோல்ட் பக்கம்தான் இருக்கணும். அரை வோல்ட்டைத் தாண்டினா எர்த் ஒயரைப் பிடிச்சுட்டே போங்க, பெரும்பாலும் கால் வைக்கற இடத்துக்குப் பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால ஒரு போல்ட்ல முடியும், துரு பிடிச்சிருக்கும், சுரண்டி முடுக்கினா சரி.

மோட்டாரை நேரா பேட்டரியில குடுத்துப் பாக்கறது

வெளிய எடுத்து வெச்சுப் பாக்கறது தப்பில்ல, ஆனா நடுவுல 20 இல்ல 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணை வெச்சுக் குடுங்க. கையில கெட்டியா பிடிச்சுக்கோங்க, கரண்ட் தொட்ட உடனே மோட்டார் ஒரு உதறு உதறும், முதல் தடவை பிடிச்சவங்க கீழ போட்டுடுவாங்க. ஃபேன் கூண்டுல, அதாவது மோட்டாரோட சேந்து சுத்தற பிளேடு வட்டத்துல, விரல் வேண்டாம். வண்டி கப்ளர் மாட்டியிருக்கும்போது இப்படி வெளியில இருந்து கரண்ட் குடுக்கவே கூடாது, எலெக்ட்ரானிக் மாட்யூல் உள்ள வண்டியா இருந்தா அதையும் சேத்து வழியனுப்பிடுவீங்க. மோட்டார்ல ரெண்டு ஒயர் இல்லாம மூணு நாலு ஒயர் வந்தா அது பெரும்பாலும் உள்ளயே கன்ட்ரோல் இருக்கற பிரஷ்லெஸ் டைப், அதுல இந்த டெஸ்ட் பண்ணாதீங்க.

சுத்தலன்னா கையால கூண்டைத் தள்ளிப் பாருங்க, தடையில்லாம ரெண்டு மூணு சுத்து போகணும். புது மோட்டார்ல பேக்கிங் பண்ணும்போது வெச்ச ஃபோம் துண்டு, பிளாஸ்டிக் க்ளிப் அப்படியே இருக்கும், எடுக்க மறந்திருப்பீங்க. ஆனா கூண்டு பிளேடு மேல சின்னதா ஒரு மெட்டல் க்ளிப் இருந்தா அதைப் பிடுங்காதீங்க, அது பேலன்ஸுக்கு வெச்சது, எடுத்தா வண்டி முழுக்க அதிரும்.

ரிலே, ஸ்விட்ச்

ரிலேவுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். பக்கத்துலயே அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே, ஹாரனுக்கோ எதுக்கோ இருக்கும், மாத்தி வெச்சுப் பாருங்க. ஃபேன் ஓடினா முடிஞ்சது. மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லன்னா 85, 86ன்னு எழுதின ரெண்டு கால் நடுவுல ஓம் பாருங்க, சாதாரணமா 50ல இருந்து 120க்குள்ள வரும், ஒண்ணுமே காட்டலன்னா காயில் போச்சு. ரிலே டிக்குனு சத்தம் போட்டுட்டா நல்லதுன்னு அர்த்தம் இல்ல, உள்ள கான்டாக்ட் கருகியிருந்தாலும் சத்தம் மட்டும் வரும். ஸ்விட்ச்சுக்கு, நாபுக்குப் பின்னால இருக்கற கப்ளரை இழுத்துப் பாருங்க, உருகின அடையாளம் இருந்தா அதுவே பதில்.

கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுதா

அப்போ யோசிக்கவே வேண்டாம், ரெசிஸ்டர். கையால திருப்பற நாப் உள்ள வண்டியில கம்மி ஸ்பீடெல்லாம் கரண்ட்டை இந்த ரெசிஸ்டர் வழியா விட்டுத்தான் குறைக்கறாங்க, கடைசி ஸ்பீடு நேர் வழி. ரெசிஸ்டர்ல தெர்மல் ஃபியூஸ்னு ஒண்ணு இருக்கும், சூடு மிஞ்சினா அது அறுந்துடும், அப்புறம் நேர் வழி மட்டும்தான் மிச்சம். பழைய மோட்டார் புஷ் (தண்டைத் தாங்கற வளையம்) தேஞ்சு இறுகி, சாகறதுக்கு முன்னாடி பல மாசமா அதிக கரண்ட் இழுத்திருக்கும், அந்த சூட்டுல ரெசிஸ்டரும் பாதி உயிர்ல இருந்திருக்கும். மோட்டாரை மட்டும் மாத்தினா இது இப்ப வெளிய தெரியுது, புது மோட்டார் மேல பழி விழுது.

இங்க புதுசா பண்றவங்க செய்யற ஒரு தப்பு இருக்கு, நானும் ஒருத்தருக்கு அதையே சொல்லிக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். ரெசிஸ்டர் எப்பவும் காத்து போற குழாய்க்குள்ள தலையை நீட்டிட்டு இருக்கும், அந்தக் காத்துதான் அதைக் குளிர வைக்குது. "மாட்டறதுக்கு முன்னாடி ஓடுதான்னு பாத்துக்கலாம்"னு அதை வெளிய தொங்கவிட்டு ரெண்டாவது ஸ்பீடுல ஓட விட்டா கொஞ்ச நேரத்துலயே தொட முடியாத சூடாகி தெர்மல் ஃபியூஸ் போயிடும். புது ரெசிஸ்டர், மாட்டறதுக்கு முன்னாடியே காலி. உள்ள சொருகி ஸ்க்ரூ போட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

கம்பிச்சுருள் டைப்பா இருந்தா மீட்டர்லயும் பாக்கலாம், கால்களுக்கு நடுவுல சில ஓம்களுக்குள்ளதான் எதுவா இருந்தாலும் வரணும், எங்கயும் ஒண்ணுமே காட்டலன்னா அறுந்தது.

ஆட்டோ க்ளைமேட் வண்டின்னா

இதுல ரெசிஸ்டருக்கு பதிலா அலுமினிய ரெக்கை வெச்ச ஒரு எலெக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். பேனல்ல இருந்து ஒரு மெல்லிசு ஒயர்ல சிக்னல் வரும், மாட்யூல் அதைப் பாத்து மோட்டாருக்கு எவ்வளவு விடணும்னு முடிவு பண்ணும். இதுலயும் பெரிய ஒயர் ரெண்டுல, அதாவது மாட்யூலுக்கு வர்ற பாசிட்டிவ்லயும் எர்த்லயும், பல்பு டெஸ்ட் தாராளமா பண்ணலாம். அந்த மெல்லிசு சிக்னல் ஒயர்ல மட்டும் பல்பு வைக்காதீங்க, மீட்டர் மட்டும்தான். ஃபேன் நாபைக் கூட்டிக் குறைக்கும்போது மீட்டர்ல வோல்ட் ஏறி இறங்கினா பேனல் ஏதோ சொல்லிட்டு இருக்குன்னு அர்த்தம், சப்ளை, எர்த், சிக்னல் மூணும் இருந்தும் மோட்டாருக்கு ஒண்ணும் போகலன்னா மாட்யூல் போச்சு. சிக்னலே வரலன்னா ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறைப் படிக்கற கருவி) போட்டுப் பாக்கறதுதான் வழி, இதுக்கு மேல ஊகத்துல பார்ட் வாங்காதீங்க, மாட்யூல் அநேகமா மோட்டாரைவிட விலை கூட வரும்.

ஓடிட்டு நின்னுச்சா

பத்து நிமிஷம், ஒரு நாள், ஒரு வாரம்னு ஓடிட்டு நின்னா கப்ளரைத் தொட்டுப் பாருங்க, மூக்கையும் வைங்க. கருகின பிளாஸ்டிக் வாடை வந்தா வேற எங்கயும் தேட வேண்டாம். பழைய மோட்டார் இழுத்த கரண்ட்ல கப்ளருக்குள்ள இருந்த பெண் டெர்மினல் சூடாகி அதோட பிடிப்பு போயிருக்கும், தளர்ந்த டெர்மினல்ல புது மோட்டாரை மாட்டினா தொடற இடம் சின்னதா இருக்கறதால மறுபடி சூடு, சூடானா இன்னும் தளரும். குறடால அழுத்தி இறுக்கறது ரெண்டு நாளைக்கு வரும், அவ்வளவுதான். ஒயரோட வர்ற புதுக் கப்ளர் தனியா கிடைக்கும், அதை வாங்கி, பழைய ஒயரை நல்ல செம்பு பளபளன்னு தெரியற இடம் வரைக்கும் வெட்டிட்டு, அதே தடிமன் ஒயர்ல க்ரிம்ப் பண்ணி (உலோகக் குழாய்க்குள்ள விட்டு நசுக்கி) சேருங்க. முறுக்கி டேப் சுத்தறது 20 ஆம்பியருக்கு சரிப்படாது. ரெசிஸ்டர் கப்ளரும் இதே மாதிரி உருகியிருக்கும், அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

இன்னொண்ணு, சில மோட்டாருக்குப் பக்கவாட்டுல ஒரு ரப்பர் குழாய் வந்து சேரும், மோட்டாருக்கே கொஞ்சம் காத்து குடுக்கறதுக்கு. இது எதுக்குன்னு தெரியாம மாட்டாம விட்டா மோட்டார் ஓடும், ஆனா உள்ளயே வெந்து சீக்கிரம் போயிடும்.

மாட்டின உடனே ஃபியூஸ் போகுதா

ரெண்டே காரணம்தான் நான் பாத்தது. ஒண்ணு, மோட்டார் தடைபட்டு நிக்குது: இலை, உள்ள விழுந்த ஸ்க்ரூ, கூண்டு ஓரத்துல உரசறது. நின்ன மோட்டார் ஓடற மோட்டாரைவிட பல மடங்கு கரண்ட் இழுக்கும். இன்னொண்ணு, மாட்டும்போது ஒயர் ஸ்க்ரூவுக்கு அடியிலயோ மோட்டார் விளிம்புலயோ மாட்டி நசுங்கி பாடியைத் தொடுது. மோட்டார் கப்ளரைக் கழட்டிட்டு புது ஃபியூஸ் போடுங்க. அப்பவும் போனா ஒயர் ஷார்ட், போகலன்னா மோட்டார் பக்கம்.

ஓடுது, ஆனா காத்து இல்ல

ஓட்டம் நல்லா கேக்குது, காத்து மட்டும் பூனை மூச்சு மாதிரி வந்தா, மோட்டார் தலைகீழா சுத்துதான்னு பாருங்க. இந்த டைப் ஃபேன்ல ஒரு வேடிக்கை, எதிர் திசையில சுத்தினாலும் காத்து அதே வழியிலதான் வரும், ஆனா ரொம்பக் கம்மியா, இரைச்சல் அதிகமா வரும். அதனால "காத்து வருதே, அப்போ திசை சரிதான்"னு ஏமாந்துடுவோம். வலது ஸ்டீயரிங், இடது ஸ்டீயரிங் மாடலுக்கு மோட்டார் திசை மாறலாம், கப்ளர் மட்டும் ஒண்ணா இருக்கும். பழைய கப்ளரை வெட்டி ஒயரை மாத்தி சேத்திருந்தாலும் இதே கதி. பிளேடு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு பழைய கூண்டோட பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ரொம்ப மெதுவா ஓடினா மோட்டார் மேல 24 வோல்ட்னு இருக்கான்னும் பாத்துடுங்க, லாரிக்கான பீஸ் கார் பார்ட்டோட கலந்து வந்துடறது உண்டு. அதெல்லாம் சரின்னா கேபின் ஃபில்டர், அது அடைச்சு கம்பளி மாதிரி ஆகியிருக்கும்.

பழையது ஏன் செத்துச்சு

கழட்டின மோட்டாரைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி திருப்பிப் பாருங்க. துருவும், தண்ணி காஞ்ச வெள்ளைக் கறையும் இருந்தா மேல இருந்து தண்ணி இறங்குது. முன் கண்ணாடிக்கு கீழ வைப்பர் இருக்கற பள்ளத்துல இலை அடைச்சு, மழைத்தண்ணி வடியற ஓட்டை மூடிப்போய், காத்து எடுக்கற வழியா உள்ள வந்திருக்கும். அதை சுத்தம் பண்ணாம புதுசு போட்டா அடுத்த மழைக்கு அதுவும் குளிக்கும். சுத்தம் பண்ணிட்டு ஒரு குவளை தண்ணியை மெதுவா ஊத்துங்க, வண்டிக்கு கீழ வடியணும், உள்ள கால் மிதியடியில இல்ல. பஞ்சு, காகிதத்துணுக்கு, குச்சி எல்லாம் கூண்டுல இருந்தா எலி குடித்தனம், ஒயரையும் கடிச்சிருக்கும், கப்ளர்ல இருந்து ஒரு அடி பின்னால வரைக்கும் விரலால தடவிப் பாருங்க.

மூடறதுக்கு முன்னாடி

க்ளவ் பாக்ஸை மாட்ட அவசரப்படாதீங்க. ஃபுல் ஸ்பீடுல பத்து நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தின உடனே கப்ளரை விரலால தொடுங்க, லேசா வெதுவெதுப்பு பரவாயில்ல, பிடிக்க முடியாத சூடுன்னா அந்த ஜாயின்ட் இன்னும் சரியில்ல. அப்புறம் ஒவ்வொரு ஸ்பீடா இறக்கிப் பாருங்க. பேட்டரி எடுத்து மாட்டினதால ஆட்டோ க்ளைமேட் வண்டியில ஃப்ளாப் எல்லாம் கொஞ்ச நேரம் கரகரன்னு தானே நகந்து பழைய இடத்தைக் கண்டுபிடிக்கும், அந்த சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஸ்க்ரூவை எண்ணுங்க. கையில ஒண்ணு மிச்சம் இருந்தா அது எங்கயோ போட விட்டுப்போனது, ஒண்ணு குறைஞ்சா கார்பெட்ல தேடறதுக்கு முன்னாடி, ஃபேனை ஆன் பண்ணாம, கூண்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க, எனக்கு அன்னைக்கு அங்கதான் கிடைச்சுது.